அடுப்படித் தளபதி

"அடுப்பா?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"அடுப்புதாம்மா. ஆனா சும்மா அடுப்பு இல்ல. ஊருக்கே பொதுவான பெரிய அடுப்பு."

"எவ்வளவு பெரிசா இருந்தா என்னப்பா? அடுப்பு அடுப்புதானே?"

படச்சட்டக் கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையைத் துணியால் துடைத்தார். துடைத்தால் அடுப்பு போய்விடுமோ என்று ஒரு நப்பாசை. போகவில்லை. இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

'ஃபூர்னியே: பிரெஞ்சுக் குடும்பப் பெயர். பொருள்: ஊர்ப் பொது அடுப்பைப் பார்த்துக்கொண்டவர், ஊரார் பிசைந்து கொண்டுவரும் மாவைக் கூலிக்கு ரொட்டியாகச் சுட்டுக் கொடுத்தவர். பரவல்: மிக அதிகம்.'

கடையில் முக்கிய வியாபாரம் படங்களுக்குச் சட்டம் போடுவது. எல்லாரும் படத்தை போனிலேயே வைத்துக்கொள்ளப் பழகிய பிறகு சட்டங்கள் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டன. அதனால் கூடவே ஒரு சின்ன வியாபாரம் தொடங்கியிருந்தார். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். அது எங்கே பிறந்தது, அதற்கு என்ன அர்த்தம், உலகத்தில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் எடுத்து, தடித்த தாளில் அச்சடித்து, சட்டம் போட்டுத் தருவார். தாளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயவைப்பது அவர் மனைவி. ஓரத்தைத் தீக்குச்சியால் லேசாகக் கருக்குவதும் அவர்தான். சிவப்பு அரக்கு உருக்கி, பழைய கோட்டுப் பொத்தானால் அழுத்தி முத்திரை குத்துவது மட்டும் இவர். காலையில் அச்சான தாள் சாயங்காலத்துக்குள் நானூறு வருஷம் கிழடு தட்டிவிடும்.

இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. கொல்லன் என்று வந்தவர்களும், தச்சன் என்று வந்தவர்களும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். ஆனால் அவர்கள் யாரும் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் இல்லை.

இந்த அம்மா சொந்தக்காரர். குடியிருப்பது கடைக்கு நேர் மேலே. கடைக்காரரும் மனைவியும் தங்களுக்குள் அவரை 'மேலிடம்' என்றுதான் சொல்வார்கள். கடை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. எதிர்ச்சாரியில் செல்போன் விற்கிறவர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, கடைக்குள்ளேயே நின்று, கைவிரித்து அகலம் பார்த்துவிட்டுப் போயிருந்தார். "ஞாயித்துக்கிழமை பொண்ணை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அது நல்லபடியா முடியட்டும், அப்புறம் கடையைப் பத்திப் பேசலாம்" என்று மேலிடம் சொல்லியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரவேற்பறையில் மாட்டத்தான் இந்தச் சட்டம்.

"சரி, இதுல வேற ரகம் இல்லையா?" என்றார் அம்மா, துணிக்கடையில் கேட்பதுபோல.

"அம்மா, இது பேரு. அர்த்தம் ஒண்ணுதாம்மா இருக்கும்."

"எந்தக் கடைக்காரன் முதல்ல நல்ல சரக்கைக் காட்டியிருக்கான்? உள்ளே இருக்கறதை எடுப்பா."

கடைக்காரர் பிறந்தது வியாபாரக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. அதற்கு 'நாளைக்கு வரும்' என்று பெயர். நாற்பது வருஷ வியாபாரத்தில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து அவர் 'இல்லை' என்று சொன்னதே இல்லை. இப்போது மட்டும் எப்படி வரும்?

"கொஞ்சம் தேடிப் பாக்கறேம்மா" என்றார். தேடினார். "ஆங், இதோ. அரண்மனை அடுப்பாவும் இருந்திருக்கலாம்னு தோணுது."

"சமையக்காரனா? வேண்டாம்."

"படை முகாம் அடுப்பு? படை சாப்பிடாம சண்டை போடுமா அம்மா? அடுப்பைக் கையில வச்சிருந்தவன்தானே படையையே கையில வச்சிருந்தான்."

அம்மாவின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "அப்போ அடுப்பை எடுத்துட்டுப் படையை மட்டும் வை."

வைத்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையாகி, கழுதை வளர்ந்து குதிரையாகி, குதிரைமேல் கவசம் போட்ட தளபதி ஒருவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். கையில் வாள். பின்னால் கோட்டை.

"இப்போ எத்தனை பேருக்கு இந்தப் பேரு இருக்கு?"

"அது நிறைய பேரும்மா. பிரான்சுல தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாங்க."

"தெருவுக்கு ஒருத்தர் இருக்க அது என்ன பேரா, தபால் பெட்டியா? குறைச்சுச் சொல்லு."

"ஆயிரம் குடும்பம்."

"இன்னும் இறங்கு."

"நூறு வச்சுக்கலாம்மா. உங்களுக்காக."

"எனக்கு எதுக்குப்பா நூறு குடும்பம்? கட்டுப்படியாகற மாதிரி கடைசியா ஒண்ணு சொல்லு."

"ஏழு குடும்பம்மா. அதுக்குக் கீழே போனா எனக்கே அடக்கமாகாது."

"ஏழு" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வாய்க்கு ருசியாக இருந்தது. "அப்போ அந்தத் தெருவுக்கு ஒருத்தர்?"

"அவங்க சும்மா பேரை வச்சுக்கிட்டவங்க."

"அதையும் எழுது. ஏழு குடும்பமும் தளபதியோட வம்சம், மத்தவங்க எல்லாரும் போலின்னு அடியில எழுது. நம்ம வாசல்ல பித்தளைப் பலகை இருக்கே, பாத்திருக்கேல்ல? என் மாமனார் காலத்துப் பலகை. இந்தத் தெருவுல அவ்வளவு பழைய பேர்ப்பலகை யாருக்கு இருக்கு? போலிக்கு அந்தப் பலகை வருமா?"

பலகையைக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வெளி கேட்டின் தூணில் இருக்கிறது. பச்சைப் பாசி பிடித்து 'ஃபூர்னியே' என்பதே கண்ணை இடுக்கினால்தான் தெரியும். போன வருஷம் ஒப்பந்தத்துக்கு உதவுமே என்று, இலவசமாகக் கழற்றி மெருகேற்றித் தருவதாகச் சொன்னார். வாசலில் முக்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அம்மாவின் கணவர் பதறிப் போனார். "அதுல மட்டும் கை வைக்காதீங்க. திருகெல்லாம் துருப்பிடிச்சிருக்கு. கழட்டினா தூணே கையோட வந்துடும்" என்றார். அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. மனைவி பேசும் வீட்டில் அவருக்கு வேலை செய்தித்தாள்தான்.

அன்று சாயங்காலமே தளபதி தயார். தேயிலைத் தண்ணீரில் முங்கி எழுந்து, பொன்முலாம் சட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றார்.

மறுநாள் கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். முகம் முழுக்க நல்ல சேதி.

"அண்ணே, மாடி வீட்டு மாப்பிள்ளை நான்தான். ஞாயித்துக்கிழமை மாமியாருக்கு ஏதாவது கையில கொண்டு வரணும். குடும்பப் பேருக்கு வரலாறு போட்டுத் தர்றீங்களாமே?"

"தாராளமா. என்ன பேரு தம்பி?"

"ஃபூர்னியே."

கடைக்காரர் முத்திரைப் பொத்தானைக் கீழே போட்டார்.

"மாமியார் வீட்டுப் பேரைக் கேக்கல தம்பி. உங்க பேரு."

"எங்க பேரும் அதேதாண்ணே! நிறைய பேருக்கு இருக்கற பேருதானே? கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு கையெழுத்துகூட மாத்த வேண்டாம்னு மாமியாருக்கு ஒரே சந்தோஷம். பொண்ணோட துண்டுல தைச்ச பேரெழுத்துகூட அப்படியே இருக்கலாமாம்."

இந்த இடத்தில் நல்ல மனிதர் ஒருவர் உண்மையைச் சொல்லியிருப்பார். கடைக்காரரும் நல்ல மனிதர்தான், ஆனால் கெட்டிக்காரரும்கூட. அவர் கணக்கு இப்படி ஓடியது: இவனுக்கு அடுப்பைக் கொடுத்தால் மேலிடத்துத் தளபதி செத்தார். ஒரே பெயருக்கு ஒரே வரலாறு கொடுத்துவிட்டால் வம்பே இல்லை. அதே தளபதி, அதே கோட்டை, அதே ஏழு குடும்பம். இன்னொரு தாள் எடுத்து அச்சடித்தார். தன்னையே மெச்சிக்கொண்டு காயப் போட்டார்.

மனைவி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடியில் மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"என்னங்க, இது ரெண்டும் யாருக்கு?"

"ஒண்ணு பொண்ணு வீட்டுக்கு. ஒண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே தாத்தாவைக் குடுத்திருக்கீங்களே, அப்போ பொண்ணும் மாப்பிள்ளையும் என்ன முறை ஆகுது?"

கடைக்காரர் ஒரு தாளைப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"மொத்தமே ஏழு குடும்பம்னு வேற போட்டிருக்கீங்க. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஆச்சுங்க. பங்காளி வீட்டுல போய் யாராவது பொண்ணு கேப்பாங்களா? கல்யாணம் நின்னுச்சுன்னா மேலிடம் நம்மளைச் சும்மா விடுமா? செல்போன்காரன் பெயின்ட் வாங்கிட்டு வந்துடுவான்."

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முன்னாடி நீங்க என்னைக் கேட்டீங்களா? தேயிலை போடுன்னீங்க, போட்டேன்."

கடைக்காரர் அப்போதே மாப்பிள்ளைக்கு போன் போட்டார். "தம்பி, ஒரு நல்ல சேதி. இன்னும் ஆழமாத் தோண்டினதுல உங்க கிளை வேறன்னு தெரிய வந்திருக்கு. தளபதி இல்ல, கடற்படைத் தலைவர். கூடுதல் காசு வேண்டாம்."

"கப்பல்லாம் இருக்குமாண்ணே?"

"மூணு இருக்கு."

அவசரம் அவசரமாகத் தாளை மாற்றினார். குதிரையைத் தூக்கிவிட்டுக் கப்பலை வைத்தார். கோட்டை இருந்த இடத்தில் கடல். தளபதி என்ற இடத்திலெல்லாம் கடற்படைத் தலைவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சுவிட்டு முத்திரை குத்தினார். கம்ப்யூட்டரில் பழைய தாளையே திருத்தி அச்சடிப்பது அந்தத் தொழிலில் வழக்கம். மாற்ற வேண்டியதை மாற்றுவார்கள், மற்றதைத் தொடமாட்டார்கள். அடியில் இருந்த வரியை அவரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுத்தியும் ஆணியுமாக மாடிக்குப் போனார். கூடவே மனைவியும். வரவேற்பறை நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அப்பா, தடித்த கண்ணாடி போட்ட அத்தை, புதுச் சட்டையில் மாப்பிள்ளை. பெண் அறைக் கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மூலை நாற்காலியில், செய்தித்தாளுக்குப் பின்னால்.

அந்த வீட்டு ஏணியில் ஏறித் தளபதியை மாட்டியாயிற்று. மாப்பிள்ளை பெருமையாகத் தன் பொட்டலத்தைப் பிரித்தான்.

"நாங்களும் ஒண்ணு கொண்டு வந்திருக்கோம். பக்கத்துல பக்கத்துல மாட்டிடலாம்."

ஏணிமேல் நின்று சட்டத்தை ஆணியில் மாட்டும்போதுதான் கடைக்காரரின் கண் அடிவரியில் விழுந்தது. 'இக்கடற்படைத் தலைவரின் வம்சத்தார் ஏழே குடும்பங்கள். இப்பெயர் தாங்கிய மற்றவர் அனைவரும் போலிகள்.'

பக்கத்தில் தளபதியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏணி ஆடியது. ஏணி சரியாகத்தான் இருந்தது, ஆடியது அவர். கப்பல் படத்தை மெல்ல ஒரு முழம் மேலே ஏற்றினார்.

"ஏம்ப்பா, விட்டத்துலயா மாட்டுறே? கீழே இறக்கு" என்றார் அத்தை.

இறக்கிவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த பூச்சாடியை நகர்த்தி அடிவரியை மறைத்தார்.

"பூ மறைக்குது பாரு" என்று அத்தையே எழுந்து வந்து சாடியைத் தள்ளிவைத்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். அந்த அம்மாள் எதையும் மனதுக்குள் படிக்கிற ஜாதி இல்லை. முழு வரியையும் கணீரென்று படித்தார். பிறகு பக்கத்துச் சட்டத்துக்குப் போனார். அதையும் கணீரென்று படித்தார்.

"அப்போ நாங்க போலியா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எங்க வீட்டுக்கு வந்து எங்க சுவத்துலயே எங்களைப் போலின்னு மாட்டறீங்களா?" என்றார் மேலிடம். "வாசல்ல பித்தளைப் பலகையைப் பாத்துட்டுத்தானே உள்ளே வந்தீங்க?"

"பலகை யாரு வேணாலும் வைக்கலாம். கப்பல் எங்ககிட்ட இருக்கு!"

"நேத்துவரைக்கும் உங்ககிட்ட சைக்கிள்தானே இருந்துச்சு?"

பெண்ணின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் பூச்சாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். ஏணிமேல் இருந்த கடைக்காரர் தாங்க முடியாமல் கத்தினார்:

"சண்டை வேண்டாம்! போலியெல்லாம் யாரும் இல்ல! ரெண்டு பேரும் ஒரே வம்சந்தான்! முதல்ல நான் போட்டது அப்படித்தான்!"

கீழே அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரே வம்சமா?" என்றார் அத்தை, விரல்களை மடக்கி. "ஒரே தாத்தா. ஏழே குடும்பம். அப்போ இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறையில்ல ஆகுது? நல்லவேளை, வாய்விட்டுச் சொன்னீங்க."

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். பெண் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடக் கடைக்காரர் தாங்கியிருப்பார்.

அவர் ஏணியை விட்டு இறங்கினார். கதவை மறித்து நின்றார்.

"அம்மா, ஐயா, கொஞ்சம் நில்லுங்க. தளபதி இல்லை."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயில் வந்தது. ஒருமுறை வந்ததும் சரளமாகவே வந்தது.

"கடற்படைத் தலைவரும் இல்லை. கோட்டை இல்லை, கப்பல் இல்லை, ஏழு குடும்பம் இல்லை. முத்திரை என் பழைய கோட்டுப் பொத்தான். தாள் நேத்து முந்தாநாள் தேயிலையில ஊறினது. ஃபூர்னியேன்னா ஊர் அடுப்பைப் பாத்துக்கிட்டவருன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஊருக்கு ஊரு ஒரு அடுப்பு. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு ஆளு. அந்தந்த ஊர்ல அவரவருக்குத் தனித்தனியா அதே பேரு விழுந்துச்சு. அதனாலதான் அத்தனை பேரு இருக்காங்க. யாரும் யாருக்கும் பங்காளி இல்ல. யாரும் போலியும் இல்ல. கல்யாணம் தாராளமா நடக்கலாம். பொய் சொன்னது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

திட்டுவார்கள், பிறகு சமாதானமாவார்கள் என்று நினைத்தார். திட்டினார்கள்.

"அடுப்பூதினவங்களா நாங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "கடற்படைன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேய்யா!"

"என் தளபதியை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார் மேலிடம். "அடுப்புக்காரங்க வேணும்னா நீங்களா இருங்க. நாங்க அந்த ஏழு குடும்பம்."

"அம்மா, எனக்கு அடுப்பே போதும்மா" என்றாள் பெண்.

"எனக்கும்" என்றான் மாப்பிள்ளை, பூச்சாடிக்குப் பின்னாலிருந்து.

"நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. இது வம்சத்து விஷயம்." அம்மா கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீ நாளைக்கே கடையைக் காலி பண்ணிடு. செல்போன்காரன் எங்களுக்கு அர்த்தமெல்லாம் சொல்ல மாட்டான்."

கடைக்காரர் சுத்தியை எடுத்துக்கொண்டார். மனைவி ஆணி டப்பாவை எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்த மனைவி, அவர் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை மட்டும் தட்டிவிட்டார். "உண்மையைச் சொன்னீங்கள்ல, அது போதும். வாங்க" என்றார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு செருப்பு கிடைத்துவிட்டது, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது மூலையில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அந்த மனிதர் அந்த அறையில் இருப்பதே பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்னங்க, நீங்க சும்மா இருங்க" என்றார் மேலிடம்.

"கல்யாணம் ஆனதுலேருந்து சும்மாதானேம்மா இருக்கேன்" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவங்களையும் போக விடாதே, கடைக்காரரையும் காலி பண்ணச் சொல்லாதே. அந்தப் பேரு நம்ம பேரே இல்ல. எங்கப்பா இந்த வீட்டை வாங்கினப்போ பலகை ஏற்கெனவே தூண்ல இருந்துச்சு, அதைப் படிச்சு ஊரு நமக்கு அந்தப் பேரையே வச்சிடுச்சு. பலகையைக் கழட்டறதுக்குக் கூலி கேட்டாங்கன்னு அப்படியே விட்டுட்டாரு."